மாசு தந்த ஒளி

மாசு என்னும் சொல்லை நம் மொழியில் எவரும் நல்ல பொருளில் வழங்குவதில்லை. மாசற்ற பொன் என்கிறோம். மாசற்ற மனம் என்கிறோம். மாசு படிந்தால் கண்ணாடி மங்கும், விளக்கும் மங்கும் என்பது நாம் நாள்தோறும் காணும் உண்மை. ஆயினும், மாசு சேர்ந்ததனாலேயே ஒளி பெறும் பொருள்களும் உலகில் உண்டு. அவற்றின் வரலாற்றையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நான் விஞ்ஞானி அல்லேன். கலைப் பிரிவில் பட்டம் பெற்று, டில்லியில் மத்திய அரசின் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றி வருபவன். சில ஆண்டுகளுக்கு முன்னர், அருமண் தனிமங்களைப் பற்றிய அறிக்கை ஒன்று தமிழாக்கத்திற்காக என் மேசைக்கு வந்தது. ‘டோப்பிங்’ என்றொரு சொல் அதில் பக்கத்திற்குப் பக்கம் காணப்பட்டது. விளையாட்டுச் செய்திகளை மொழிபெயர்த்த பழக்கத்தில், சற்றும் யோசியாமல், ‘ஊக்கமருந்து உட்கொண்ட படிகங்கள்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சரிபார்த்த மூத்த அலுவலர், “படிகம் எந்தப் பந்தயத்தில் ஓடப் போகிறது, ஐயா?” என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினார். வெட்கத்துடன் பள்ளிப் பாடநூலைப் புரட்டினேன். ‘மாசூட்டல்’ என்று அதில் கண்டிருந்தது. தூய பொருள் ஒன்றில் வேறொரு பொருளை மிகச் சிறிய அளவில் வேண்டுமென்றே சேர்ப்பதுதான் மாசூட்டல். அந்த ஒரு சொல்லின் பின்னால் இரு நூற்றாண்டு வரலாறு இருப்பதை அன்று முதல் சிறிது சிறிதாக அறிந்துகொண்டேன்.

முதற்கண், அருமண் என்ற பெயரையே பார்ப்போம். இப்பெயர் இருவகையிலும் பொருந்தாதது. இவை மண்ணும் அல்ல. அவ்வளவு அரியனவும் அல்ல. தீயில் எளிதில் உருகாத உலோக ஆக்ஸைடுகளை ‘மண்’ என்று அழைப்பது பழைய ரசாயன அறிஞர்களின் வழக்கம். அவ்வழக்கினால் வந்தது பெயரின் பிற்பகுதி. அருமை என்பதோ, பிரித்தெடுப்பதில் உள்ள அருமையே. இக்குழுவைச் சேர்ந்த சீரியம், பூமியின் மேலோட்டில் ஈயத்தைக் காட்டிலும் மிகுதியாகக் கிடைக்கிறது. குழுவில் மிகக் குறைவாகக் காணப்படுவனவற்றுள் ஒன்றான தூலியம்கூட வெள்ளியைவிட அதிகமாகவே இருக்கிறது. ஆனால் இந்தப் 17 தனிமங்களும் ஒரே வயிற்றுப் பிள்ளைகளைப் போலக் குணத்தில் ஒத்தவை. ஒன்று இருக்குமிடத்தில் மற்றவையும் கலந்தே இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிப்பதற்கே அறிஞர்களுக்கு ஏறத்தாழ 120 ஆண்டுகள் தேவைப்பட்டன.

கதை தொடங்கும் இடம் சுவீடன் நாட்டின் யிட்டெர்பி என்னும் சிற்றூர். 1787-ஆம் ஆண்டில், அங்கிருந்த சுரங்கத்தில் கார்ல் ஆக்செல் அர்ரேனியஸ் என்ற படை அதிகாரி கனமான கருங்கல் ஒன்றைக் கண்டெடுத்தார். 1794-இல் யோஹான் கடோலின் என்ற பின்லாந்து அறிஞர் அக்கல்லை ஆராய்ந்து, அதனுள் புதியதொரு ‘மண்’ இருப்பதை அறிவித்தார். பின்னாளில் யிட்ரியம், டெர்பியம், எர்பியம், யிட்டெர்பியம் ஆகிய நான்கு தனிமங்கள் அவ்வூரின் பெயரையே தாங்கின. உலகில் வேறெந்த ஊருக்கும் இத்தகைய சிறப்பு வாய்க்கவில்லை.

இனி, 1839-ஆம் ஆண்டினை நினைவில் கொள்ளுமாறு வேண்டுகிறேன். அவ்வாண்டில் ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு நிகழ்ச்சிகள் நடைபெற்றன. ஸ்டாக்ஹோமில் கார்ல் மோசாண்டர் என்பவர் சீரியத்தினுள் மறைந்திருந்த மற்றொரு தனிமத்தைக் கண்டறிந்தார். ‘மறைந்திருத்தல்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு லாந்தனம் என்ற பெயர் அமைந்தது. அதே ஆண்டில், ருஷ்யாவின் யூரல் மலையிலிருந்து வந்த புதிய கனிமம் ஒன்றை குஸ்தாவ் ரோஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் விவரித்தார். கனிமங்களைச் சேகரிப்பதில் பெருவிருப்பம் கொண்டிருந்த ருஷ்யப் பிரபு லெவ் பெரோவ்ஸ்கியின் பெயரால் அது பெரோவ்ஸ்கைட் எனப்பட்டது. கால்சியம், டைட்டானியம், ஆக்ஸிஜன் ஆகிய மூன்றும் சேர்ந்த எளிய கனிமம் அது. இவ்விரண்டு கண்டுபிடிப்புகளும் வெவ்வேறு வழியே நெடுந்தூரம் நடந்து, நம் காலத்தில் ஒன்றையொன்று சந்தித்த கதையே மேலே வருவது.

அருமண்களை முதன்முதலாக வீட்டு விளக்கில் கொண்டுவந்து சேர்த்தவர், வியன்னா நகரத்து கார்ல் அவுவர் என்பவர். மோசாண்டர் ஒரே தனிமம் என்று கருதி ‘இரட்டை’ எனப் பொருள்படப் பெயரிட்டிருந்த டிடிமியத்தை, 1885-இல் இவர் பிரசியோடிமியம், நியோடிமியம் என்று இரண்டாகப் பிரித்துக் காட்டினார். அதே ஆண்டில், பருத்தி வலையை உப்புக் கரைசலில் தோய்த்து எரித்து, எஞ்சிய சாம்பல் கூட்டை வாயுச் சுடரில் மாட்டி ஒளிரச் செய்யும் முறைக்கு உரிமமும் பெற்றார். முதலில் செய்த வலைகள் எளிதில் உடைந்தன. அவற்றின் ஒளியும் பச்சை படிந்து நோயாளியின் முகம் போல் இருந்தது. வாங்குவோர் குறைந்தனர். ஆனால் அவர் சோர்ந்துவிடவில்லை. 1891-இல் 99 பங்கு தோரியம் ஆக்ஸைடும் 1 பங்கு சீரியம் ஆக்ஸைடும் சேர்ந்த கலவையைக் கண்டார். தோரியம் ஆக்ஸைடு தனித்து நின்றால் ஒளி மங்கலே. சீரியத்தின் பங்கு மிகுந்தாலும் ஒளி குன்றிவிடும். நூற்றில் ஒரு பங்கு சேர்ந்தபோதுதான் வெண்ணிறச் சுடர் பிறந்தது. திருவிழாக்களிலும் கல்யாண ஊர்வலங்களிலும் தலையில் தூக்கிச் சென்ற பெட்ரோமாக்ஸ் விளக்கை நம்முள் மூத்தோர் பலர் மறந்திருக்கமாட்டார்கள். அதனுள் தொங்கிய ‘மேண்டில்’ இதுவே. அது வெப்பத்தினால் ஒளிர்ந்தது. பின்னர் நாம் காணப்போகும் குளிர்ந்த ஒளி வேறு வகையைச் சேர்ந்தது. எனினும், சிறு கலப்பின் பெரும் பயனை வீடுதோறும் காட்டிய முதற் பொருள் அதுவே எனலாம்.

இங்கே நம் நாட்டின் கடற்கரை ஒன்றும் கதைக்குள் வருகிறது. மேண்டிலுக்கு வேண்டிய தோரியம், மோனசைட் என்னும் மணலில் அருமண்களோடு கலந்திருக்கும். திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் பளபளத்த துகள்களை, ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய ரசாயனர் கண்டார் என்றும், அத்தடத்தைப் பற்றி 1909-இல் மணவாளக்குறிச்சிக் கடற்கரையை அடைந்தார் என்றும் சொல்லப்படுகிறது. அவ்வூர் அன்று திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தது; 1956 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. நம் கரையின் மணல் மூட்டை மூட்டையாகக் கப்பலேறிச் சென்றது. விளக்கு வலையாக உருமாறி விலைப்பொருளாயிற்று. தோரியம் எடுத்த பின் எஞ்சிய அருமண்களுக்கு அந்நாளில் பெரும் மதிப்பில்லை. சிகரெட் கொளுத்தியின் பொறிக்கல்லுக்கு அவற்றில் ஒரு பகுதி பயன்பட்டது. சுதந்திரத்திற்குப் பின் இந்நிலை மாறியது. 1950-இல் இந்திய அருமண் நிறுவனம் அமைக்கப்பெற்று, 1952-இல் கேரளத்தின் ஆலுவாவில் மோனசைட்டைப் பதப்படுத்தும் ஆலையைப் பிரதமர் நேரு திறந்துவைத்தார்.

மீண்டும் ஐரோப்பாவுக்குச் செல்வோம். 1880-களில் லண்டனில் வில்லியம் குரூக்ஸ் என்ற அறிஞர், காற்று நீக்கிய கண்ணாடிக் குழாயினுள் அருமண் ஆக்ஸைடுகளை வைத்து, மின்சாரத்தின் துணையால் கேதோடுக் கதிர்களை அவற்றின்மேல் பாய்ச்சினார். அவை செந்நிறத்திலும் பச்சை நிறத்திலும் அழகுற ஒளிர்ந்தன. ஒரே ஆக்ஸைடு வெவ்வேறு வகைகளில் ஒளிர்வதைக் கண்ட குரூக்ஸ், தனிமத்திற்குள்ளேயே நுட்பமான உட்பிரிவுகள் இருக்கவேண்டும் என்று கருதினார். பிரெஞ்சு அறிஞர் லெகோக் து புவாபோதிரான் அதனை மறுத்தார். தூய யிட்ரியம் ஆக்ஸைடு அவ்வாறு ஒளிர்வதில்லை; அதில் மிகச் சிறிதளவு கலந்திருக்கும் வேறு அருமண்களே ஒளிர்கின்றன என்பது அவர் வாதம். பின்னர் பாரிஸ் நகரத்து ஜார்ஜ் உர்பேன் மிகுந்த பொறுமையுடன் ஆயிரக்கணக்கான முறை படிகமாக்கிப் பிரித்த தூய பொருள்களைக் கொண்டு இவ்வாதம் சரியே என்று நிறுவினார். யூரோப்பியம், டெர்பியம் போன்றவை வேறொரு தூய பொருளினுள் சிறிதளவு கலந்தபோதே சிறப்பாக ஒளி தந்தன. அளவு மிகுந்தபோது ஒளி தணிந்தது. குரூக்ஸ் புதுத் தனிமம் என்று மயங்கியது உண்மையில் மாசு. ஆயினும் அந்த மயக்கமே, மாசின் ஆற்றலை உலகுக்கு உணர்த்திய முதற்படியாக அமைந்தது.

இந்த உர்பேனே 1907-இல் யிட்டெர்பியம் என்று கருதப்பட்டதை இரண்டாகப் பிரித்தார். முன்னர் நாம் கண்ட அவுவரும் அதே வேளையில் அதே பிரிப்பைச் செய்திருந்தார். யார் முந்தியவர் என்ற பூசல் நெடுநாள் நீடித்தது. அவுவர் வானத்திலிருந்து எடுத்த பெயர்களைச் சூட்டினார். உலகம் உர்பேனின் வழியை ஏற்றுக்கொண்டது. யிட்டெர்பியம் என்ற சிற்றூர்ப் பெயரே நிலைத்தது. இப்பெயரை மறவாதிருங்கள்.

அருமண்கள் ஏன் இவ்வாறு ஒளிர்கின்றன? அணுவின் எலெக்ட்ரான்கள் அடுக்கடுக்கான கூடுகளில் அமைந்துள்ளன. மற்றப் பல தனிமங்களில் ஒளிக்குக் காரணமான எலெக்ட்ரான்கள் வெளிப்புறத்தில் இருப்பதால், சுற்றுப்புறத்தின் அசைவெல்லாம் அவற்றைத் தாக்கும். ஒளியின் நிறமும் கலங்கும். அருமண்களிலோ, அந்த எலெக்ட்ரான்கள் உட்கூட்டில் ஒதுங்கியுள்ளன. வெளிக்கூடுகள் அவற்றுக்கு மதிலாக நிற்கின்றன. கோயில் வெளிப் பிராகாரத்தில் வைத்த தீபம் காற்றில் அலையும். கருவறையில் ஏற்றிய தீபம் அசையாது நிற்கும். அருமண்ணின் ஒளி கருவறைத் தீபத்தைப் போன்றது. எந்தப் படிகத்தில் வைத்தாலும் யூரோப்பியம் பெரும்பாலும் தன் சிவப்பையும், டெர்பியம் தன் பச்சையையும் விடுவதில்லை. ஆனால் அதற்கொரு குறையும் உண்டு. உள்ளே ஒதுங்கியிருப்பதால், வெளியிலிருந்து வரும் ஒளியை இவை எளிதில் ஏற்பதில்லை. தாங்கி நிற்கும் படிகம் ஒளியை விழுங்கி, அந்த ஆற்றலை இவற்றிடம் சேர்க்கவேண்டும். ஆகவே, நல்ல மாசு கிடைத்தால் மட்டும் போதாது. நல்ல படிகமும் வேண்டும்.

1964-இல் அமெரிக்காவில் லெவின், பாலில்லா என்ற இருவர், யிட்ரியம் வனடேட்டில் யூரோப்பியத்தைச் சேர்த்து, வண்ணத் தொலைக்காட்சிக்கு உரிய சிவப்பொளியை ஆக்கினர். அதற்குமுன் சிவப்பு மங்கலாக இருந்ததால், அதனோடு ஒத்துப்போக மற்ற நிறங்களையும் குறைத்து வைக்கவேண்டியிருந்தது. 1982-இல் டில்லியில் நடந்த ஆசிய விளையாட்டை ஒட்டி நம் நாட்டில் வண்ண ஒளிபரப்புத் தொடங்கியதை நினைவுகூர்வோர் உங்களுள் இருப்பீர்கள். அந்நாளைய பெட்டிகளின் கண்ணாடிக்குப் பின்னே சிவந்து ஒளிர்ந்தது யூரோப்பியமே. எர்பியம் சேர்த்த கண்ணாடி இழைப் பெருக்கி 1987-இல் உருவாகி, கடலடித் தொலைபேசிச் செய்திகளை வழிநெடுக வலுப்படுத்தும் துணையாயிற்று. ஊரிலிருந்து பிள்ளைகளோடு பேசும் பெற்றோரின் குரல் நம்மை வந்தடைவதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

இதற்கிடையில் பெரோவ்ஸ்கைட் என்னவாயிற்று? அக்கனிமத்தில் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறை, வேறு பல பொருள்களிலும் இருப்பது தெரியவந்தது. எட்டு மூலைகளிலும் தூண் நிறுத்தி, நடுவே ஒரு பெரிய அணுவைக் குடியமர்த்திய மண்டபம் போன்றது அவ்வமைப்பு. எந்தெந்த அணுக்கள் அம்மண்டபத்தில் இடிபடாமல் பொருந்தும் என்பதற்கு 1926-இல் கோல்ட்ஷ்மிட் என்ற அறிஞர் கணக்கு வகுத்தார். சீசியம், ஈயம், குளோரின் வகையிலான உப்புகளை 1893-இலேயே வெல்ஸ் என்ற அமெரிக்கர் ஆக்கியிருந்தார். அவையும் பெரோவ்ஸ்கைட் அமைப்புடையவை என்றும், ஒளிபட்டால் அவற்றில் மின்சாரம் எளிதில் பாயும் என்றும் 1958-இல் டென்மார்க்கைச் சேர்ந்த மோலர் கண்டறிந்தார். கண்டறிந்தும் அவை அரை நூற்றாண்டுக் காலம் அலமாரியில் உறங்கின. 2009-இல் ஜப்பானில் மியாசாகாவின் குழுவினர் இவ்வகைப் பொருளைக் கொண்டு சூரிய மின்கலம் செய்த பிறகே உலகம் விழித்தது. 2015-இல் சுவிட்ஸர்லாந்தின் சூரிக் நகரில் கோவலென்கோவின் குழுவினர், சீசிய ஈய உப்புகளை நானோ அளவிலான துகள்களாக ஆக்கினர். ஒரு தலைமுடியின் தடிப்பில் அத்துகள்களை ஏழெட்டாயிரம் வரிசையாக அடுக்கலாம். குளோரின், புரோமின், அயோடின் ஆகியவற்றின் அளவை மாற்றினால், ஊதா முதல் சிவப்புவரை வேண்டிய நிறத்தில் அவை சுடர்விட்டன. ஒளியை விழுங்குவதிலும் அவை வல்லவை. அருமண்கள் தேடி நின்ற படிகம் இதுவே.

ஆக்ஸைடு வகைப் பெரோவ்ஸ்கைட்டில் அருமண்ணைச் சேர்ப்பது முன்னரும் நிகழ்ந்ததுண்டு. யூரல் மலைக் கனிமத்தின் அதே கால்சியம் டைட்டனேட்டில் பிரசியோடிமியம் சேர்த்துச் சிவப்பொளி பெறுவதை 1990-களில் ஆராய்ந்தனர். ஆனால் நானோத் துகளில் நடந்தது வேறு வகையான வியப்பு. அதனை விளக்க 1957-ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும். ஓர் ஒளித்துகளைக் கொடுத்து இரண்டு ஒளித்துகள்களைப் பெற முடியும் என்று அவ்வாண்டில் டெக்ஸ்டர் என்ற அமெரிக்கர் காகிதத்தில் கணக்கிட்டுக் காட்டினார். இதில் மாயமில்லை, சில்லறை மாற்றுவதுதான். 500 ரூபாய்த் தாளைக் கொடுத்து 200 ரூபாய்த் தாள் இரண்டு பெற்றால், தாள் இரண்டாகும், பணம் கூடிவிடாது. எஞ்சிய 100 ரூபாய் மாற்றுக் கூலியாகப் போகும்; இங்கே அது வெப்பமாகப் போகிறது. 1974-இல் பிரசியோடிமியத்திலும், 1999-இல் நெதர்லாந்தில் யூரோப்பியத்திலும் இதனைச் செய்து காட்டினர். ஆனால் அதற்குக் கண்ணுக்குப் புலனாகாத, காற்றும் தாங்காத கடும் புறஊதாக் கதிர் வேண்டியிருந்தது. அன்றாட வெயிலுக்கு அது உதவவில்லை.

2017-இல் சீனத்தின் ஜிலின் பல்கலைக்கழகத்தார், சீசிய ஈயக் குளோரைடு நானோத் துகளில் யிட்டெர்பியத்தைச் சேர்த்தனர். நீலஊதா ஒளித்துகள் ஒன்றின் ஆற்றல் ஏறத்தாழ 3 எலெக்ட்ரான் வோல்ட். யிட்டெர்பியம் வெளியிடும் அகச்சிவப்பு ஒளித்துகளின் ஆற்றல் ஏறத்தாழ 1.25. ஒன்று உள்ளே சென்றது. இரண்டு வெளியே வந்தன. உள்ளே சென்ற நூறு துகளுக்கு நூற்றுக்கும் மேற்பட்டவை வெளிவந்ததைக் கருவிகள் காட்டின. 2018-இல் சியாட்டில் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கேமலினின் குழுவினர் நானோத் துகளில் 170-ஐயும், மெல்லிய படலத்தில் 190-ஐ ஒட்டியும் எட்டினர். இருநூறே எல்லை. டெக்ஸ்டரின் கணக்கு சாதாரண நீல ஒளியில் மெய்ப்பட 60 ஆண்டுகள் ஆயின.

இதன் நுட்பம் என்னவென்று கருதப்படுகிறது தெரியுமா? ஈய அயனிக்கு மின்சுமை 2. யிட்டெர்பிய அயனிக்கு 3. கணக்கு நேராகவேண்டுமானால், மூன்று ஈயத்தின் இடத்தில் இரண்டு யிட்டெர்பியம் அமர்ந்து, ஓர் இடம் வெறுமையாக நிற்கவேண்டும். அவ்வெற்றிடத்தின் இருபுறமும் அண்டை வீட்டாராக நிற்கும் இரு யிட்டெர்பியங்களே, படிகம் விழுங்கிய ஆற்றலை நொடியின் கோடானுகோடிப் பங்கில் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றனவாம். மாசும் குறையும் சேர்ந்து நின்ற இடத்தில்தான் ஒளி இரட்டிக்கிறது.

இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். சிலிக்கான் சூரிய மின்கலத்திற்கு 1.1 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் போதும். 3 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய நீலஊதாத் துகள் வந்தால், மிச்சமெல்லாம் வெப்பமாக வீணாகும். மேலே இந்தப் படலத்தைப் பூசினால், வீணாவதில் ஒரு பகுதியும் மின்சாரமாகும். ஆயினும் மிகையாக மகிழ்வதற்கில்லை. வெயிலில் நீலஊதாவின் பங்கு சிறிது. இப்படிகம் ஈரத்தில் சிதையும். அதிலுள்ள ஈயம் நஞ்சு. கூரைமேல் இருபது ஆண்டு வெயிலும் மழையும் தாங்கும் பொருளாக அதனை ஆக்கும் வேலை இன்னும் ஆய்வுக்கூடத்திலேயே இருக்கிறது.

மூலப்பொருளின் கேள்வியும் உண்டு. நம் கடற்கரை மோனசைட்டில் சீரியம், லாந்தனம், நியோடிமியம் போன்ற இலகுவான அருமண்களே மிகுதி; யிட்டெர்பியம் போன்ற கனமானவை மிகக் குறைவு. உலகில் இவற்றைப் பிரித்துத் தூய்மையாக்கும் தொழிலின் பெரும்பகுதி சீனத்திடம் உள்ளது. 2025 ஏப்ரலில் அந்நாடு ஏழு அருமண்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, பல நாட்டுத் தொழிற்சாலைகள் திகைத்து நின்றன. கையில் மணல் இருப்பது ஒன்று. பிரிக்கும் கல்வி இருப்பது வேறொன்று. மணலைக் கப்பலேற்றிவிட்டு விளக்கை விலைகொடுத்து வாங்கிய பழைய கணக்கு, வேறு உருவில் திரும்பி வரலாகாது. அதேபோல், அம்மணலில் கலந்துள்ள தோரியத்தின் கதிர்வீச்சைப் பற்றிக் கடலோர மக்கள் எழுப்பும் கவலைக்கும் நேர்மையான விடை சொல்லியே மணலை அள்ளவேண்டும். ஒளியின் விலையைச் சிலர் மட்டும் செலுத்துவது முறையாகாது.

அன்பர்களே, சொந்த ஊரை விட்டு வந்து, பிறமொழி பேசும் நகரங்களில் வாழ்பவர்கள் நாம். ஆயிரம் வீடுகளுக்கிடையே நம் வீடு ஒன்றாக இருக்கும். வேற்றிடத்தில் சிறுபான்மையாய்ப் புகுந்த பொருள், தன் இயல்பையும் இழக்காமல், இடங்கொடுத்த படிகத்தையும் சிதைக்காமல், இரண்டும் தனித்துத் தர இயலாத ஒளியைத் தருவதை மேலே கண்டோம். அணுவின் நியதியை மனிதருக்கு அப்படியே பொருத்துவது அறிவுடைமை ஆகாது என்பதை அறிவேன். ஆனாலும், அந்த அறிக்கையைத் திருத்தி எழுதிய மாலையில், மாசூட்டல் என்ற சொல்லை அடித்துவிட்டு இன்னும் மதிப்பான சொல் ஒன்றை இடலாமா என்று சிறிது நேரம் எண்ணினேன். பிறகு அப்படியே விட்டுவிட்டேன். மாசு என்ற சொல்லுக்கும் ஒரு நல்ல பொருள் கிடைக்கட்டுமே.